விளக்குவதற்கு முன் வாசிக்க விடுங்கள்

நான்காம் வகுப்பில் ஓர் அறிவியல் பாடம் நடத்தப்படும் விதம் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பிள்ளையை எழுப்பி ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறோம். பிள்ளை வாசித்து உட்கார்ந்ததும் அதில் என்ன இருந்தது என்று கேட்காமல் நாமே விளக்கத் தொடங்குகிறோம். விளக்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. உதாரணங்களும் இருக்கின்றன, சில நாள் படமும் இருக்கிறது. பிறகு பயிற்சி வினாக்களுக்கு விடை எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியைப் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்கிறோம். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதுகிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள், ஒப்பிக்கிறார்கள். பாடம் முடிந்தது. ஒரு பிள்ளை அச்சடித்த பக்கத்தைத் தானே படித்து அதிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொள்வது மட்டும் அந்த வாரம் முழுக்க ஒரு முறைகூட நடக்கவில்லை. பாடநூலின் வேலையை ஆசிரியரின் குரல் செய்துவிட்டது. வாசிப்பு என்பது தமிழ்ப் பாடவேளையின் பொறுப்பு, மற்றப் பாடங்களில் அது ஏற்கெனவே வந்துவிட்ட ஒன்று என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. அந்த எண்ணம் ஏன் தவறு, அதற்குப் பதிலாக வகுப்பில் என்ன செய்யலாம் என்பதே இந்த அத்தியாயம்.

இது நம் ஊர் ஆசிரியர்களிடம் மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் டோலோரஸ் டர்கின் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடவேளைகளில் பின்பெஞ்சில் உட்கார்ந்து நிமிடக் கணக்கில் குறிப்பெடுத்து, 1978-79ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். 4,469 நிமிடங்கள் பார்த்ததில், படித்ததைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது வெறும் 20 நிமிடம். மீதி நேரத்தில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள், விடை சரியா என்று பார்த்தார்கள். அதாவது புரிந்ததா என்று சோதித்தார்கள். புரிந்துகொள்ளும் வழியைக் காட்டவில்லை. அவர் சமூக அறிவியல் வகுப்புகளையும் பார்த்தார். அங்கே பாடநூலைப் படிக்க உதவுவது தங்கள் வேலை என்றே ஆசிரியர்கள் கருதவில்லை. பாடத்தின் செய்தியைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்ப்பதே வேலையாக இருந்தது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்தக் குறிப்பேட்டை நம் வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் கணக்கு பெரிதாக மாறும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இது ஏன் தொடக்க வகுப்புகளிலேயே முக்கியமாகிறது? வாசிப்பு வளர்ச்சியின் படிநிலைகளை 1983இல் வகுத்துச் சொன்ன ஜீன் சால், முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளை படிக்கக் கற்கிறது என்றும் நான்காம் வகுப்பையொட்டிப் படித்துத்தான் கற்க வேண்டியதாகிறது என்றும் சொன்னார். அதுவரை நன்றாகப் படித்த பிள்ளைகளில் பலர், குறிப்பாக வீட்டில் புத்தகமும் எழுத்துமொழியும் அதிகம் புழங்காதவர்கள், அந்தத் திருப்பத்தில் சறுக்குவதை அவரும் உடன் ஆய்வாளர்களும் பிறகு காட்டினார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இந்தத் திருப்பம் மூன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. முதல் இரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருப்பது, மூன்றில் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிகிறது. கதையும் பாட்டுமாக இருந்த பக்கங்களுக்குப் பதில் வரையறை, வகைப்பாடு, படவிளக்கம், அட்டவணை என்று வேறொரு வகை எழுத்து வந்து நிற்கிறது. அதைப் படிப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

கதை படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அறிவியல் பக்கத்தையும் படிக்கத் தெரியும்தானே என்பதே இங்கே எழும் முதல் கேள்வி. ஒரு வாக்கியத்தை அருகில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். பாடநூல் நடையிலேயே எழுதிப் பார்ப்போம்: “நீர்நிலைகளில் உள்ள நீர் சூரிய வெப்பத்தால் ஆவியாகி மேலே சென்று குளிர்ந்து சிறு நீர்த்துளிகளாக மாறி மேகங்களை உருவாக்குகிறது.” ஒரே வாக்கியம், ஒரே வினைமுற்று. ஆனால் உள்ளே ஐந்து நிகழ்ச்சிகள்: ஆவியாவது, மேலே போவது, குளிர்வது, துளியாவது, மேகமாவது. இதே அமைப்பில் ஒரு கதை வாக்கியம்: “மணி காலையில் எழுந்து பல் தேய்த்துக் குளித்துப் பள்ளிக்குப் போனான்.” இரண்டிலும் வினையெச்சங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. ஆனால் கதையில் எச்சம் சொல்வது ஒன்றன்பின் ஒன்று என்ற வரிசையை மட்டும். அந்த வரிசையும் பிள்ளைக்கு வாழ்க்கையிலிருந்தே தெரியும். மணி பல் தேய்த்ததால் குளித்தான் என்று யாரும் நினைப்பதில்லை. அறிவியல் வாக்கியத்தில் அதே எச்சம் காரணத்தைச் சுமக்கிறது. குளிர்ந்து மாறியது என்றால் குளிர்ந்ததால் மாறியது என்று பொருள். சத்தமாக, தடையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்த பிள்ளைகூட இதைக் கதைபோலவே கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். நீர் மேலே போனது, குளிர்ந்தது, மேகமானது. ஏன் என்ற கேள்வியே அதன் மனதில் எழவில்லை. இதைத் தமிழ்ப் பாடவேளையில் எத்தனை கதை படித்தாலும் பழக முடியாது. காரணம் கேட்கும் வாக்கியம் வருகிற இடத்தில்தான் பழக முடியும்.

பழக்குவது கடினமும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொரு எச்சத்துக்கும் பின்னால் ஒரு சாய்கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனி வாக்கியமாகச் சொல்லச் செய்யுங்கள்: நீர் ஆவியாகிறது. ஆவி மேலே செல்கிறது. அங்கே குளிர்கிறது. இப்போது ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்?’ என்று கேளுங்கள். ஆவியாவதற்குக் காரணம் வாக்கியத்திலேயே இருக்கிறது, சூரிய வெப்பம். குளிர்வதற்கு? புத்தகம் சொல்லவில்லை. பிள்ளைகள் அந்த இடத்தில் விழிப்பார்கள், விழிக்கட்டும். புத்தகம் சொல்லாமல் விட்ட இடம் எது என்று கண்டுபிடிப்பதே அறிவியல் வாசிப்பின் பெரும்பகுதி. உயரே போகப் போகக் காற்று குளிர்ச்சியாக இருக்கும் என்ற செய்தியை ஆசிரியர் இப்போது சொல்லலாம். பத்து நிமிடம் முன்னால் சொல்லியிருந்தால் அது இன்னொரு தகவல். இப்போது சொல்லும்போது அது ஒரு கேள்விக்குப் பதில். எச்சத்தில் காரணம் ஒளிந்திருப்பது பிள்ளைக்கு முற்றிலும் புதிதும் அல்ல. மழையில் நனைந்து காய்ச்சல் வந்துவிட்டது என்று வீட்டில் பேசுகிற பிள்ளைதான் அது. பேச்சில் தெரிந்ததை எழுத்தில் அடையாளம் காணச் சொல்லித் தருகிறோம், அவ்வளவுதான்.

அறிவியல் பக்கத்தில் இன்னும் இரண்டு இடங்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று வரையறை. “குட்டி ஈன்று பாலூட்டி வளர்க்கும் விலங்குகள் பாலூட்டிகள் எனப்படும்” என்பதுபோன்ற வாக்கியத்தில் கலைச்சொல் கடைசியில் வருகிறது, அதைத் தீர்மானிக்கும் பண்புகள் முன்னால் வருகின்றன. நாம் பென்சிலால் கோடிடச் சொல்வது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சொல்லை. பிள்ளையும் அதையே பிடித்துக்கொள்கிறது. ‘எனப்படும்’ என்ற சொல்லைக் கண்டால் உடனே வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரே ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினால் போதும். பிறகு, வௌவால் பறக்கிறதே, அது பறவையா பாலூட்டியா என்று கேளுங்கள். வரையறையின் முன்பகுதியைப் படித்த பிள்ளைதான் பதில் சொல்லும். மற்றொன்று படங்களில் உள்ள அம்புக்குறி. உணவுச் சங்கிலியில் புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கும், வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்கும் அம்பு போகிறது. பல பிள்ளைகள் அதைத் ‘தின்கிறது’ என்று வாசித்து, புல் வெட்டுக்கிளியைத் தின்பதாகத் திணறுகிறார்கள், அல்லது அம்பைத் திருப்பிப் போடுகிறார்கள். உணவு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதையே அம்பு காட்டுகிறது என்று சொன்னால் சரியாகிவிடும். ஆனால் படமும் வாசிக்க வேண்டிய ஒன்று என்று நாம் நினைத்தால்தானே அதைச் சொல்வோம்?

கணக்கில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே வாசிப்பைத் தவிர்க்க நாமே குறுக்குவழி கற்றுத் தருகிறோம். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி, ‘அதிகம்’ என்று வந்தால் கூட்டு. இந்தச் சூத்திரத்தோடு ஒரு பிள்ளை இந்தக் கணக்கைப் படிக்கட்டும்: “கவினிடம் 12 பென்சில்கள் உள்ளன. இது மலரிடம் உள்ளதைவிட 5 அதிகம். மலரிடம் எத்தனை பென்சில்கள் உள்ளன?” ‘அதிகம்’ கண்ணில் பட்டதும் 17 என்று எழுதிவிடும். விடை 7. பிள்ளைக்குக் கழிக்கத் தெரியாது என்று நாம் முடிவு கட்டி, கழித்தல் பயிற்சி பத்து கொடுப்போம். சொல்லும் செயலும் எதிரெதிராக இருக்கும் இத்தகைய கணக்குகளில் கல்லூரி மாணவர்களே தடுமாறுவதை லூயிஸ், மேயர் என்ற ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள். அதற்குப் பத்தாண்டு முன்னால் ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன், கணக்கில் பின்தங்கிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர்கள் தவறாகப் போட்ட கணக்குகளை மறுபடி கொடுத்து, எந்தக் கட்டத்தில் சறுக்கினார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பிரித்தார். வாசிப்பது, பொருள் புரிவது, என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது, கணக்கிடுவது, விடை எழுதுவது என்று ஐந்து கட்டங்கள். ஏறக்குறையப் பாதித் தவறுகள் முதல் மூன்றிலேயே நேர்ந்துவிட்டன. எண்ணைத் தொடுவதற்கு முன்பே பிள்ளை வழி தவறியிருந்தது.

இதற்கு நல்ல மருந்து, எண்களை மறைப்பது. மேலே சொன்ன கணக்கை எண்ணில்லாமல் எழுதுங்கள்: கவினிடம் கொஞ்சம் பென்சில் இருக்கிறது. அது மலரிடம் இருப்பதைவிட அதிகம். இப்போது கூட்டவோ கழிக்கவோ எதுவும் இல்லை. யாரிடம் அதிகம்? யாரிடம் குறைவு? யாருடையது நமக்குத் தெரியும், யாருடையதைக் கேட்கிறார்கள்? இதற்குப் பதில் சொன்ன பிறகு எண்ணைக் காட்டினால், மலரின் விடை 12ஐவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும் என்று வகுப்பே சொல்லிவிடும். தமிழுக்கே உரிய இன்னொரு கண்ணியும் கணக்கில் உண்டு. “15இலிருந்து 8ஐக் கழி” என்பதும் “8ஐ 15இலிருந்து கழி” என்பதும் ஒன்றே. எண்கள் வரும் வரிசைக்கு அங்கே பொருள் இல்லை. எண்ணோடு ஒட்டியிருக்கும் வேற்றுமை உருபுக்குத்தான் பொருள். “20ஐ 5ஆல் வகு” என்பதிலும் அப்படியே. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு உருபை விழுங்கும் பிள்ளை, முதலில் வந்ததிலிருந்து இரண்டாவதாக வந்ததைக் கழிக்கும். உருபுக்கு வட்டம் போடச் சொல்லுங்கள். தமிழாசிரியர் வேற்றுமை நடத்துவதற்குப் பல ஆண்டு முன்னரே கணக்குப் பாடம் அதைக் கேட்டுவிடுகிறது.

சமூக அறிவியலில் பிள்ளை பழக வேண்டியது வேறு. அறிவியல் வாக்கியத்திடம் ‘ஏன்’ என்று கேட்டோம். வரலாற்று வாக்கியத்திடம் ‘எப்படித் தெரியும்’ என்று கேட்க வேண்டும். தேர்ந்த வரலாற்றாசிரியர்கள் ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்ததும் அதை யார், எப்போது எழுதினார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள் என்றும், கெட்டிக்கார மாணவர்கள்கூட அதைச் செய்யாமல் நேரே செய்திக்குள் போய்விடுகிறார்கள் என்றும் சாம் வைன்பர்க் 1991இல் ஒப்பிட்டுக் காட்டினார். தொடக்க வகுப்புப் பிள்ளையிடம் ஆவணம் கொடுக்க வேண்டியதில்லை. கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பதையும், கரிகாலன் கட்டியதாகக் கூறப்படுகிறது என்பதையும் அருகருகே எழுதி, இரண்டும் ஒன்றா என்று கேட்டால் போதும். யார் கூறினார்கள் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். சேர சோழ பாண்டியர் பாடத்தில் வேறொரு உத்தி பொருந்தும்: கொடி, பூ, தலைநகரம், துறைமுகம் என்று நான்கு கட்டம் போட்ட வெற்று அட்டவணையைக் கொடுத்து, பத்தியைப் படித்து நிரப்பச் சொல்லலாம். பத்தியில் இல்லாததை நிரப்ப முடியாமல் ஒரு கட்டம் காலியாக நின்றால், அதுவே நல்ல வாசிப்பின் அடையாளம்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். மிக வலுவானது எல்லோருக்கும் தெரிந்தது: எழுத்துக்கூட்டவே தெரியாத பிள்ளைகளிடம் உத்தி பேசி என்ன பயன்? 2022ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கைப்படி, நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 சதவீதத்தினரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டதற்கும், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதற்கும் காரணம் பெருந்தொற்றுக்குப் பின் திரும்பிய வகுப்பறைகளின் இந்த நிலைமைதான். எழுத்து அறிமுகத்துக்கு மாற்று எதுவும் இல்லை. அதைத் தள்ளிவிட்டு உத்தி கற்பிக்கச் சொல்லும் எந்த நூலையும் நம்ப வேண்டாம். ஆனால் எழுத்து முழுதும் வந்த பிறகே பொருள் என்று காத்திருப்பதும் பிழை. கஃப், டன்மர் இருவரும் 1986இல் முன்வைத்த எளிய கருத்து இங்கே உதவும்: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறன், கேட்டுப் புரியும் திறன் இரண்டின் பெருக்கல். ஒன்று சுழியானால் விடையும் சுழி. அரும்பு நிலைப் பிள்ளைக்கு முதல் திறனை வளர்க்கும் அதே மாதங்களில் இரண்டாவதை வளர்ப்பதற்கு என்ன தடை? ஆசிரியர் அந்த நீர்ச்சுழற்சி வாக்கியத்தை வாசிக்க, பிள்ளை காதால் கேட்டு ஐந்து நிகழ்ச்சிகளையும் விரல் மடக்கிச் சொல்லலாம். ‘ஏன் குளிர்ந்தது’ என்ற கேள்வியை எழுத்துத் தெரியாத பிள்ளையும் கேட்கும், சில சமயம் மற்றவர்களுக்கு முன்பே.

அடுத்த எதிர்வாதம் நேரம். போர்ஷன் முடியாது, வளரறி மதிப்பீடும் தொகுத்தறி மதிப்பீடும் வரிசையில் நிற்கின்றன, இருக்கிற நாற்பது நிமிடத்தில் வாசிப்பையும் சேர்த்தால் பாடம் என்ன ஆவது? ஃபுளோரிடாவில் நான்சி ரோமான்ஸும் மைக்கேல் விட்டாலியும் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். நான்காம் வகுப்பில் வாசிப்புக்கென்று இருந்த தனி நேரத்தையும் அறிவியல் நேரத்தையும் ஒன்றாக்கி, தினமும் இரண்டு மணி நேரம் அறிவியலே நடத்தினார்கள்; வாசிப்பு அதற்குள்ளேயே நடந்தது. ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகள் அறிவியலில் மட்டுமல்லாமல் வாசிப்புத் தேர்விலும் மற்ற வகுப்புகளை முந்தினார்கள். நம் கால அட்டவணையில் இரண்டு மணி நேரம் கிடைக்காது என்பது சரி. ஆனால் ஒரு வசதி நமக்கு இருக்கிறது, அதை நாம் வசதியாக எண்ணுவதே இல்லை. தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடங்களையும் நடத்துவது பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான். ஈராசிரியர் பள்ளியில் கேட்கவே வேண்டாம். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கூடிப் பேசித் திட்டமிட வேண்டியதை இங்கே ஒரே தலைக்குள் முடித்துவிடலாம். காலையில் தமிழில் சொன்ன ஒன்றை மதியம் அறிவியலில் நினைவுபடுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நேரக் கணக்கும் அவ்வளவு கடினமில்லை. ஒரு பாடவேளையில் ஒரு பத்திக்கு ஏழெட்டு நிமிடம். எல்லாப் பத்திக்கும் வேண்டாம். பாடத்தின் கழுத்து எந்தப் பத்தியில் இருக்கிறதோ அதற்கு மட்டும்.

மூன்றாவது எதிர்வாதம் ஆசிரியர்களிடமிருந்து அதிகம் வராது, ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. அதுவே எனக்கு மிகவும் மதிக்கத் தக்கதாகத் தோன்றுகிறது. வாசித்துப் புரிவதற்கு உத்தி தேவையே இல்லை, பொருளறிவுதான் தேவை என்கிறது அது. 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் நடத்திய பேஸ்பால் ஆய்வு இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும். ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் விவரிப்பைப் படித்ததில், வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த விளையாட்டை நன்றாக அறிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் விளையாட்டை அறியாத மாணவர்களைவிடக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். நம் ஊரில் கிரிக்கெட் செய்தியை வைத்துச் செய்தாலும் இதுவே நடக்கும். உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் இதிலிருந்து ஒரு படி மேலே போய், உத்திகளைச் சில வகுப்புகளில் கற்பித்தால் கிடைக்கும் பலனுக்கும் பல மாதம் கற்பித்தால் கிடைக்கும் பலனுக்கும் வேறுபாடு பெரிதாக இல்லை என்று வாதிட்டார். இதை மறுக்க நான் முயலப் போவதில்லை. முதன்மைக் கருத்தைக் கண்டுபிடி, ஊகம் செய் என்று பொதுவான உத்திகளை ஏதோ ஒரு துண்டுப் பத்தியை வைத்து ஆண்டு முழுக்க அரைப்பது நேரவிரயம்தான். சில தனியார் பயிற்சி ஏடுகள் இதைத்தான் செய்கின்றன.

ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். அறிவுதான் முக்கியம் என்றால் அறிவு கிடைக்கும் இடம் எது? அறிவியல், சமூக அறிவியல், கணக்கு. அங்கே வாசிப்பே நடக்காமல் விளக்கம் மட்டும் நடந்தால், அடுத்த பாடத்தைத் தானே படிக்கப் பிள்ளைக்கு எந்தப் பழக்கமும் இல்லாமல் போகிறது. உத்தியைக் கொஞ்சமாகவே கற்பித்தால் போதும் என்பதும், அதைப் பாடத்துக்குள்ளேயே கற்பிக்க வேண்டும் என்பதும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. பலின்க்சார், பிரவுன் இருவரும் 1984இல் செய்து காட்டிய முறை, எழுத்து வாசிக்க வந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நல்ல பலன் தந்தது. சிறு குழுவில் பிள்ளைகளே மாறி மாறி ஆசிரியராகி, அடுத்து என்ன வரும் என்று ஊகித்து, கேள்வி கேட்டு, புரியாததைத் தெளிவாக்கி, சுருக்கிச் சொன்னார்கள். அதைத் தொடக்க வகுப்பில் அப்படியே எடுத்து நான்கு பேருக்கு நான்கு அட்டை மாட்டித் தினமும் நடத்துவது சீக்கிரமே சடங்காகிவிடும். ‘நான் தெளிவாக்குபவன், எனக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது’ என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நான்கில் புரியாததைச் சொல்வது ஒன்றே இந்த வயதில் பொன்னானது. எனக்கு இந்த வரி புரியவில்லை என்று வெட்கமில்லாமல் சொல்லப் பழகிய வகுப்பில் மற்ற மூன்றும் பின்னால் வரும்.

அதைப் பழக்குவதற்கு ஆசிரியர் தானே முதலில் செய்துகாட்ட வேண்டும். பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசிப்பது. இலை உணவு தயாரிப்பது பற்றிய பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். “‘இலைகள் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொள்கின்றன.’ சரி, எப்படி எடுத்துக்கொள்ளும்? இலைக்கு வாயா இருக்கு? அடுத்த வரியில சொல்லியிருக்காங்களான்னு பாப்போம். ‘இலைத்துளைகள் வழியாக.’ ஓ, துளை இருக்கு. ஆனா என் கண்ணுக்குத் தெரியலையே? ரொம்பச் சின்னதா இருக்கும்போல. படத்துல இருக்கா பாருங்க பிள்ளைங்களா.” இப்படி ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். இதில் விளக்கம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆசிரியர் பாடம் சொல்லவில்லை, வாசிக்கும் ஒருவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் போகிறார், எப்போது படத்தைப் பார்க்கிறார் என்பதைக் காட்டுகிறார். பேச்சுத் தமிழில் செய்வதே நல்லது. புத்தகம் எழுத்துத் தமிழில் இருக்கிறது, யோசனை பேச்சுத் தமிழில் நடக்கிறது; இரண்டும் ஒரே ஆளின் தலையில் கைகோத்து நடப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும். அடுத்த பத்தியை வகுப்பு முழுவதும் சேர்ந்து, அதற்கடுத்ததை இருவர் இருவராக, பிறகு தனியாக. பொறுப்பு ஆசிரியர் கையிலிருந்து பிள்ளை கைக்குப் படிப்படியாக மாறும் இந்த ஒழுங்கைப் பியர்சனும் கல்லகரும் 1983இல் வகுத்தார்கள். நடைமுறையில் பல வகுப்புகள் முதல் படியிலேயே நின்றுவிடுவதுதான் சிக்கல். செய்துகாட்டுவதில் சுவை கண்ட ஆசிரியர் கடைசிவரை தானே செய்துகொண்டிருப்பார்.

தேர்வு மனப்பாட விடையைத்தானே கேட்கிறது என்ற குறை உண்மைதான். ஆனால் மேலே சொன்ன எதுவும் அந்த விடையை எழுதுவதற்குத் தடையாக நிற்பதில்லை, ஆகவே அதில் நேரம் செலவிட வேண்டாம். விடையை ஆசிரியர் பென்சிலால் குறித்துக் கொடுப்பதை மட்டும் நிறுத்தி, பிள்ளையே தேடிக் குறிக்கட்டும் என்று மாற்றுங்கள். இருவர் வேறு வேறு வரியைக் குறித்திருந்தால், எது விடை என்று அவர்களே வாதாடட்டும். ஆங்கிலவழிப் பிரிவு நடத்துகிறவர்களுக்கு ஒரு சொல்: வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை ஆங்கிலத்தில் அறிவியல் படிக்கும்போது, பக்கம் ஆங்கிலத்தில் இருந்தாலும் அதைப் பற்றிய பேச்சு தமிழில் நடப்பதற்கு எந்தத் தடையும் வைக்காதீர்கள். சாய்கோடு, அம்புக்குறி, எண்ணை மறைத்த கணக்கு எல்லாம் அங்கேயும் செல்லும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க நடத்திய பாடத்தில் கேள்வி கேட்டால் ஒன்றும் தெரியாது. பிள்ளை நினைவிலிருந்து சொல்லும், பக்கத்திலிருந்து சொல்லாது. இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுங்கள். எதுவும் விளக்காமல், வாசித்துக் காட்டாமல், பத்து நிமிடம் கொடுங்கள். மூன்று கேள்விகள் போதும்: இந்தப் பக்கத்தில் உனக்குப் புதிதாகத் தெரிந்தது என்ன? எந்த வரி புரியவில்லை? இந்தப் பக்கம் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? எழுத வராத பிள்ளைகளுக்குப் பக்கத்தை நீங்களே ஒரு முறை வாசித்துக் காட்டி, பதிலை வாயால் கேட்டுக்கொள்ளலாம். பருவத்தின் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை வேறு பக்கத்தை வைத்து இதைச் செய்து தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் கேள்வியின் பதிலைவிட இரண்டாவதன் பதிலைக் கவனமாகப் படியுங்கள். எல்லாம் புரிந்தது என்று எழுதிய தாள்கள் குறைந்து, இன்ன சொல் புரியவில்லை, இந்த அம்பு ஏன் இந்தப் பக்கம் போகிறது என்று குறிப்பாக எழுதிய தாள்கள் கூடியிருந்தால் வேலை நடக்கிறது என்று கொள்ளலாம். அப்படிக் கூடவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிள்ளைகளின் கவனத்தை அல்ல. கேள்வி எழுவதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடும் நம் பழக்கம் எந்தப் பாடவேளையில் திரும்ப நுழைந்திருக்கிறது என்று கால அட்டவணையைப் பாருங்கள். அநேகமாக அது தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமாக இருக்கும்.